ஒற்றை ஸ்டார்

"உள்ள வுட முடியாதும்மா. உன் பேரு செவப்பா கீது பாரு."

செக்யூரிட்டி குமரவேல் கையிலிருந்த டேப்லெட்டைத் திருப்பிக் காட்டினார். அதில் பட்டுவுக்குப் புரிந்தது தன்னுடைய போட்டோ மட்டும்தான்.

பெருங்களத்தூரில் உள்ள அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் அவளுக்கு நாலு வீட்டு வேலை. ஐந்து வருடமாக இதே கேட் வழியாகத்தான் போய் வருகிறாள்.

"இன்னாண்ணா பேஜாரு இது? நேத்துகூட போயிட்டுதானே வந்தேன்?"

"வூட்டுக்காரங்க யாரோ ஆப்ல உனக்கு ஒத்த ஸ்டார் போட்டுட்டாங்க. ஒண்ணு போட்டா கேட்டு ஆப்ல தானா லாக் ஆயிடும். போட்டவங்களே மாத்துனாதான் தொறக்கும். மீறி வுட்டா என் வேலை பூடும்."

"யாருண்ணா போட்டது?"

"அது எனக்குக் காட்டாதும்மா. போட்டவங்க போன்லதான் இருக்கும்."

வாக்கிங் முடித்து வந்த ஜெயகிருஷ்ணன் இதையெல்லாம் கேட்டபடி நின்றார். மூன்றாவது மாடிக்காரர். யூடியூபில் டெக்னாலஜி பேசுகிறவர். மடக்குகிற போன் வந்தால் அதை மடக்கி மடக்கியே இருபது நிமிடம் பேசுவார். இன்டர்நெட் கம்பெனிகள் மனிதனை அடிமையாக்குகின்றன என்று வாரம் ஒருமுறையாவது கொதிப்பார். இந்த உலகத்தில் அவருக்குக் கருத்து இல்லாத சமாச்சாரமே கிடையாது.

பட்டு வேலை செய்யும் நாலு வீட்டில் அவர் வீடும் ஒன்று.

"சார், நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லுங்க சார்."

"ஒரு வார்த்தையா? உலகத்துக்கே சொல்றேன் பட்டு. அப்படி கொஞ்சம் தள்ளி நில்லு. கேட் பின்னாடி தெரியணும்."

அங்கேயே போனை நீட்டிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

"மனுஷனுக்கு ஸ்டார் போடறதுக்கு இந்த கம்பெனிங்க யாரு? அஞ்சு வருஷ உழைப்பை ஒரு விரல் அழிச்சிடுது! அந்த விரலுக்குச் சொந்தக்காரர் இதே பில்டிங்லதான் இருக்கார். மனசாட்சின்னு ஒண்ணு இருந்தா முன்னாடி வரட்டும்!"

முடித்ததும் பட்டு மெதுவாகக் கேட்டாள். "அசோசியேஷன்ல சொன்னா வுட்ருவாங்களா சார்?"

"அதெல்லாம் சின்ன விஷயம். நாம இந்த சிஸ்டத்தையே மாத்தப் போறோம்."

குடியிருப்பு வாட்ஸ்அப் குரூப்பில், 'எல்லாரும் அவரவர் போனை ஒருமுறை பாருங்கள்' என்று ஒரு வரி போட்டிருந்தால் போதும். ஆனால் அதற்கு யார் லைக் போடுவார்கள்?

வீடியோ பிய்த்துக்கொண்டு போனது. 'அண்ணா, ஏழைகளின் குரல் நீங்கள்' என்று கமெண்ட்டுகள் கொட்டின. மறுநாள் ஒரு ஹெட்போன் கம்பெனி விளம்பரத்துக்காகக் கூப்பிட்டது.

பட்டு தினமும் காலை வந்து, கேட்டுக்கு எதிரே டீக்கடை ஓரமாக உட்கார்ந்திருந்தாள். மற்ற மூன்று வீட்டுக்காரர்களும் அவளைப் பார்த்துப் பாவப்பட்டார்கள். அப்படியே வேறு ஆளையும் வைத்துக்கொண்டார்கள்.

மூன்றாம் நாள், கொரியர்காரரை உள்ளே விட அனுமதி கொடுக்க, ஜெயகிருஷ்ணனின் போனை எடுத்தாள் மனைவி விஷ்ணுப்ரியா. கேட் ஆப் அவர் போனில்தான் இருந்தது.

"என்னங்க இது?"

அவர் எட்டிப் பார்த்தார்.

'பட்டு. நீங்கள் கொடுத்த மதிப்பீடு: 1. திங்கள், காலை 9.40.'

அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. திங்கட்கிழமை காலை, புது வாட்ச் ஒன்றைக் கையில் கட்டிக்கொண்டு லைவில் பேசிக்கொண்டிருந்தார். பேச வேண்டிய குறிப்புகளெல்லாம் இந்தப் போனில் இருந்தன. நடுவே திரையை அடைத்துக்கொண்டு ஒரு கேள்வி வந்தது: 'இன்று பட்டுவின் வேலை எப்படி?' ஸ்டார் போடாமல் அது நகரவே இல்லை. சனியன் தொலையட்டும் என்று, கட்டைவிரலுக்குப் பக்கத்தில் இருந்த முதல் ஸ்டாரை அமுக்கியிருந்தார்.

"நல்லவேளை, பக்கத்துலயே 'மாற்றுக'ன்னு இருக்கு. அஞ்சு போட்டுடறேன்" என்றாள் விஷ்ணுப்ரியா.

அவர் போனைப் பிடுங்கிக்கொண்டார்.

"இரு! மாத்தினா யார் மாத்தினாங்கன்னு அசோசியேஷனுக்கு மெசேஜ் போகும். மூணு லட்சம் பேர் பார்த்திருக்காங்க விஷ்ணு. என் மூஞ்சில துப்ப மாட்டாங்களா?"

"அவ மூணு நாளா கீழ உட்கார்ந்திருக்கா. மூணு வீட்டு வேலை போயிடுச்சு."

"அரிசி, மளிகை ஏதாவது வாங்கிக் கொடுத்துடலாம்."

"அவ அரிசியா கேட்டா?"

"புது ஃப்ரிட்ஜ் வேணும்னு நீதானே கேட்டே? இந்த வீடியோவைப் பார்த்துதான் அந்த ஹெட்போன் கம்பெனிக்காரன் கூப்பிட்டிருக்கான்."

சமையலறையில் குக்கர் விசில் அடித்தது. விஷ்ணுப்ரியா அதைப் பார்க்கப் போய்விட்டாள்.

ஜெயகிருஷ்ணன் சட்டையை மாற்றிக்கொண்டு கீழே இறங்கினார். அவரைக் கண்டதும் பட்டு அவசரமாக எழுந்தாள்.

"யாருன்னு தெரிஞ்சுதா சார்? நானே போய் அவங்க கால்ல வுழறேன் சார். தப்பு இன்னான்னு சொன்னா திருத்திக்கறேன்."

அவர் அவள் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, இரண்டு பேர் முகமும் தெரிகிற மாதிரி போனை உயர்த்திப் பிடித்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மூணு நாளாச்சு நண்பர்களே! அந்த ஒத்த ஸ்டாரைப் போட்ட கோழை இன்னும் வாயைத் திறக்கல!"