பொது டை

ஒரு கல்லூரியின் பிளேஸ்மென்ட் அறையில் நீலநிற டை ஒன்று ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. சொந்தமாக டை இல்லாத மாணவர்கள் இன்டர்வியூவுக்கு மாட்டிக்கொண்டு போவதற்காகக் கல்லூரி வாங்கி வைத்தது அது. என்றைக்கோ யாரோ போட்ட முடிச்சை யாரும் அவிழ்ப்பதில்லை. தலைவழியாக மாட்டுவார்கள், தலைவழியாகவே கழற்றுவார்கள். வேலை கிடைத்தவன் மறுபடி அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை.

இளம்பரிதி மட்டும்தான் திரும்பத் திரும்ப வந்தான். ஒவ்வொரு தடவையும் தோற்றுவிட்டு வந்து, டையை மடியில் போட்டுக்கொண்டு அதனிடமே புலம்புவான். டைக்கு அதுதான் பேச்சுத்துணை. சுவரிலிருந்த கண்ணாடி இருந்தும் இல்லாத மாதிரிதான். அது வாயைத் திறந்தாலே குத்தல்.

"உன் ஆள் இன்னைக்கும் போறானாம்," என்றது கண்ணாடி. "போன தடவை மாதிரியே தொண்டையை இறுக்கிப் பிடி. உன்கிட்டயே திரும்பி வந்துடுவான்."

"நான் ஒண்ணும் இறுக்கலை."

"யாருகிட்ட கதை விடுற?"

அதற்குள் இளம்பரிதி வந்து டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

இன்டர்வியூ அறையில் முதல் கேள்வி வந்ததும் இளம்பரிதியின் தொண்டை முடிச்சில் முட்டியது. டை கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு மெல்லத் தளர்ந்து கொடுத்தது. அவனுக்குப் பேச்சு வந்தது. வேலையும் கிடைத்தது.

திரும்பி வந்தவன் டையைக் கழற்றி மேசைமேல் எறிந்தான். "அப்பாடா, இனிமே இந்தச் சனியனை மாட்ட வேண்டியதில்லைடா," என்று நண்பர்களிடம் சொல்லிக்கொண்டே ஓடினான்.

"காதுல விழுந்துச்சா?" என்றது கண்ணாடி.

"விழுந்துச்சு," என்றது டை. "கணீர்னு பேசுறான்."