சாத்தமுதுக்கு உப்பு

"மாமா! பெருமாளுக்குக் கண்டருளப் பண்றதுக்கு முன்னாடியே ருசி பார்க்கறேளே?"

பவித்ரா பதறிப்போனாள். கல்யாணமாகி ஸ்ரீரங்கத்துக்கு வந்த புதிதில் பெருமாளுக்குப் படைக்குமுன் அவள் குழம்பை முகர்ந்து பார்த்ததற்கே, மொத்தத் தளிகையையும் மறுபடி பண்ண வைத்தவள் மாமியார் கோமளம். இப்போது மாமனார் சௌரிராஜனே அடுப்படியில் நின்று, சாத்தமுது ரசத்தை உள்ளங்கையில் விட்டு உறிஞ்சிக்கொண்டிருக்கிறார்!

"மெதுவாப் பேசும்மா" என்றார் அவர். "மாமிக்கு ஒரு மாசமா மறதி. உப்பு மொதல்ல ரெண்டு தரம் விழுந்தது, இப்போ விழறதே இல்லை. தெரிஞ்சா ஒடிஞ்சு போயிடுவா. பெருமாள் கோவிச்சுண்டா என்னைக் கோவிச்சுக்கட்டும். அவகிட்ட சொல்லிடாதே."

உப்பை அள்ளிப் போட்டுக் கலக்கிவிட்டு, ஒன்றும் அறியாதவர்போல வாசலுக்கு நழுவினார்.

பவித்ரா பாத்திரத்தைப் பூஜை அறைக்கு எடுத்துப்போனாள். விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டிருந்த கோமளம் தலையைத் திருப்பாமலே கேட்டாள்:

"மாமா உப்பு போட்டாச்சா?"

பவித்ரா பாத்திரத்தை இறக்கி வைத்ததும் கோமளம் குரலைத் தாழ்த்தினாள்:

"ரெண்டு தரம் விழுந்துட்டா எடுக்க முடியுமோ? அதான் ஒரு வாரமா நான் போடறதையே விட்டுட்டேன். மாமாகிட்ட சொல்லிடாதே."