பக்கத்து அறைப் பிரிண்டர்

அந்த அலுவலகத்தில் மாலையில் ஷட் டவுன் கொடுத்ததும் எல்லாக் கணினிகளும் அணைந்துவிடும். ஜன்னலோரக் கணினி மட்டும் ‘காத்திருக்கவும்’ என்று காட்டிக்கொண்டே நிற்கும்.

“இந்தச் சனியனாலே தினமும் பஸ் போயிடுது. தூக்கிப் போடச் சொல்லணும்” என்று கிளார்க் செண்பகவல்லி திட்டுவாள்.

ஒருநாள் சுவரிலிருந்த நெட்வொர்க் பெட்டி, “யாருக்காக நிற்கிறாய்?” என்று கேட்டது.

“பக்கத்து அறைப் பிரிண்டருக்கு. நான் போய்வருகிறேன் என்றால் அது சரி என்று சொல்லும். அப்புறம்தான் அணைவேன். இப்போதெல்லாம் பதிலே வருவதில்லை.”

அந்தப் பிரிண்டரைப் பழைய இரும்புக்குப் போட்டு வெகுநாளாயிற்று. கணினியின் சொல்லை நாள்தோறும் அந்தக் காலி மூலைவரை சுமந்துபோன பெட்டிக்கு அது தெரியும். சொல்ல மனம் வரவில்லை.

“வேலையாக இருக்கும்” என்றது.

கணினி தொடர்ந்து காத்திருந்தது.

கடைசியில் சிஸ்டம் பார்க்கும் அருள்தாஸ் வந்தான். கொஞ்சம் தட்டிப் பார்த்துவிட்டு, “இல்லாத பிரிண்டரைத் தேடிக்கிட்டு நிக்குதுக்கா” என்று சொல்லி, கணினியிலிருந்து அந்தப் பிரிண்டரின் பெயரை அழித்தான்.

கணினி அதைக் கேட்டது. பெட்டி ஏதோ சொல்ல வாயெடுத்தது.

அன்று மாலை கணினி உடனே அணைந்தது. பெட்டியிடம்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை.