உறிஞ்சு விதை

"இது விளையாட்டா? பட்டப்பகல் கொள்ளை!"

குராமோச்சி கையிலிருந்த கருவியை மேஜைமேல் டொக்கென்று வைத்தார். சமூகக் கூடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் திரையை விட்டுவிட்டு அவரைப் பார்த்தார்கள்.

பெரியவர்களுக்கான வீடியோ கேம் போட்டி. இறுதிச் சுற்று. மூன்று ஆட்டத்தில் இரண்டை ஜெயிப்பவருக்குப் பரிசு; முதல் ஆட்டம் அப்போதுதான் முடிந்திருந்தது. எதிரே உட்கார்ந்திருந்தது அவருடைய மனைவி மிட்சுயோ. திரையில் அவருடைய நெருப்புக் காளை குப்புறக் கிடந்தது. பக்கத்தில் மிட்சுயோவின் குண்டுக் கள்ளிச்செடி, ஒரு அடிகூட வாங்காததுபோல் குதித்துக் கொண்டிருந்தது.

கூடத்தின் பொறுப்பாளர் ஹமுரோ ஓடி வந்தார். "என்னாச்சு, குராமோச்சி சான்?"

"என் காளை என்னமா முட்டுச்சு, எவ்வளவு நெருப்பு கக்குச்சு, பாத்தீங்கல்ல? இவ என்ன பண்ணினா? ஆரம்பத்துல ஒரே ஒரு உறிஞ்சு விதையை வீசினா. அது என் காளை முதுகுல முளைச்சு, கொடியாச் சுத்திக்கிச்சு. அப்புறம் அதோட உயிரைக் கொஞ்சம் கொஞ்சமா உறிஞ்சி இவ கள்ளிக்கு ஊட்டுது! இவ சும்மா உக்காந்திருக்கா!"

"அது ஆட்டத்துல உள்ள தாக்குதல்தாங்க. விதியில தடை ஏதும் இல்ல."

"விதி கிடக்கட்டும். நியாயம் வேணாமா? நான் கம்பெனியில வேர்வை சிந்தி உழைச்சவன். அடுத்தவன் மேல ஒட்டிக்கிட்டு, அவன் சத்தை உறிஞ்சி உடம்பு வளர்க்கறதெல்லாம் ஒரு பொழப்பா?"

சொல்லிக்கொண்டே கையை நீட்டினார். மிட்சுயோ தேநீர் பாட்டிலின் மூடியைத் திறந்து அந்தக் கையில் வைத்தாள். ஒரு மடக்கு குடித்துவிட்டுத் திருப்பி நீட்டினார். அவள் வாங்கி மூடி வைத்தாள்.

பின்வரிசை ஆண்கள் தலையாட்டினார்கள்.

"அவர் சொல்றது சரிதான். நேருக்கு நேர் மோதணும்."

"வீட்டுக்காரரையே இப்படியா உறிஞ்சுவாங்க?"

முன்வரிசையில் இருந்த தோழி தோக்கிகோவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மிட்சுயோவை இந்த வீடியோ கேம் குழுவில் சேர்த்துவிட்டதே அவள்தான். வாரத்தில் ஒரு மதியமாவது மூச்சு விடட்டும் என்று. அடுத்த வாரமே பின்னாலேயே வந்து குராமோச்சியும் பேர் கொடுத்துவிட்டார்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து அப்படித்தான். மிட்சுயோ காய்கறி வாங்கப் போனால் தள்ளுவண்டிக்குப் பின்னால் அவர். முடி வெட்டிக்கொள்ளப் போனால் கடை வாசலில் அவர். பாட்டு வகுப்புக்குப் போனால் கடைசி நாற்காலியில் அவர், 'மதியத்துக்கு என்ன?' என்ற கேள்வியோடு. இந்த மாதிரிப் புருஷன்களுக்கு அந்தத் தெருப் பெண்கள் வைத்திருக்கும் பெயர், ஈரச் சருகு. பெருக்கினாலும் துடைப்பத்தை விட்டுப் போகாது.

"மிட்சுயோ, விட்டுக் குடுக்காத! இன்னும் ஒரே ஆட்டம்தான். அதே விதையைத் தூக்கிப் போடு!" என்று கத்தினாள் தோக்கிகோ.

மிட்சுயோ கணவரைப் பார்த்தாள். பிறகு சுவரில் ஒட்டியிருந்த பரிசு அறிவிப்பை ஒருமுறை படித்தாள்.

"சரிங்க. உங்களுக்கு இவ்வளவு வருத்தம்னா, இனிமே நான் விதை போடல."

"அப்படி வா வழிக்கு!"

அடுத்த ஆட்டத்தில் கள்ளி வெறும் முள்ளை மட்டும் எய்தது. காளைக்கு அது கொசுக்கடி. முட்டித் தள்ளி மிதித்துவிட்டது. கடைசி ஆட்டம் அதைவிடச் சீக்கிரம் முடிந்தது.

கைதட்டல். ஹமுரோ ஒரு உறையை நீட்டினார்.

"முதல் பரிசு! மலைமேல வெந்நீர் ஊற்று விடுதியில மூணு நாள். ரயில், சாப்பாடு, தங்கல் எல்லாம் சேர்த்து, ஒருத்தருக்கு."

குராமோச்சி உறையைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார்.

"பாத்தியா? நேர்மையா ஆடினா இதுதான் பலன். வீட்டுக்குப் போனதும் என் பெட்டியை எடுத்து வை. பல் பிரஷ்ஷை மறந்துடாத. போன தடவை மறந்துட்ட."

புகைப்படத்துக்கு நிற்க ஆண்கள் பக்கம் நடந்தார்.

தோக்கிகோ மிட்சுயோவின் முழங்கையைப் பிடித்து, செருப்பு அலமாரிப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். அவளுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

"உனக்கென்ன பைத்தியமா? புருஷன் அதட்டினா இப்படியா பயப்படுவ? ஒரே ஒரு விதை போட்டிருந்தா இன்னேரம் அந்த உறை உன் கையில இருக்கும். மூணு நாள், யார் தொல்லையும் இல்லாம, தனியா போய் வெந்நீர்ல கிடந்துட்டு வந்திருக்கலாமே!"

"தனியாவா?"

மிட்சுயோ குனிந்து கணவரின் காலணிகளை எடுத்து, அவர் வந்ததும் மாட்டிக்கொள்ள வசதியாக வாசலைப் பார்த்துத் திருப்பி வைத்தாள்.

"நான் ஜெயிச்சிருந்தா, வீட்டுல சோறு போட ஆள் இல்லேன்னு, கைக்காசைப் போட்டு இன்னொரு சீட்டு வாங்கிக்கிட்டு கூடவே கிளம்பியிருப்பார்."

"இப்ப மட்டும்? உனக்கும் ஒரு சீட்டு வாங்கிட்டா?"

"எனக்கா? அவரா?"

அன்றைக்கு முதல் தடவையாக மிட்சுயோ சிரித்தாள்.

"அங்க சோறு பரிமாற, படுக்கை விரிக்க ஆளிருக்கு, தோக்கிகோ. நான் எதுக்கு அவருக்கு? மூணு நாளும் வீடு எனக்கே எனக்கு!"