புள்ளியில்லாத எலுமிச்சம்பழம்

தணிகைவேல் பழைய கார் ஒன்றை வாங்கினார். பூசை முடிந்ததும் பிள்ளைகளோடு நேரே மலைக்கோயிலுக்குப் போவதாக ஏற்பாடு. காருக்குச் சந்தனம் வைத்து, மாலை போட்டு, கற்பூரம் காட்டினார்கள். கடைசியாக அவர் மனைவி ஒவ்வொரு டயருக்கு முன்னாலும் ஓர் எலுமிச்சம்பழம் வைத்தாள்.

முன்டயரடியில் இருந்த பழத்துக்குப் பெருமை தாங்கவில்லை.

"நான் சாதாரணப் பழம் இல்ல அண்ணே. ஒரு புள்ளிகூட இருக்கக் கூடாதுன்னு அந்த அம்மா கூடையையே கவிழ்த்துத் தேடினாங்க. என்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்துத்தான் எடுத்தாங்க."

"கொடுத்து வச்சவன் நீ," என்றது டயர். "என்னை வண்டியைச் சோதிக்க வந்த மெக்கானிக் மட்டும்தான் குனிஞ்சு பார்த்தாரு."

பழம் அப்போதுதான் டயரை நிமிர்ந்து பார்த்தது. விற்றவன் பளபளவென்று கறுப்புப் பூச்சு பூசியிருந்தான். அதற்கடியில் ரப்பர் தேய்ந்து வழவழவென்று இருந்தது. ஓரத்தில் கம்பி எட்டிப் பார்த்தது.

"ஐயோ, மெக்கானிக் ஒண்ணும் சொல்லலையா அண்ணே?"

"சொன்னாரே. மலை ஏறுறதுக்கு முன்னால நாலையும் மாத்திடுங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டாரு."

"அப்புறம் ஏன் மாத்தல?"

தணிகைவேல் சாவியைத் திருகினார். வண்டி உறுமியது.

"அதுக்குப் பதிலாத்தான் உன்னை வாங்கியிருக்காங்க," என்றது டயர்.

கார் நகர்ந்தது. பழம் நசுங்கியது. பின்சீட்டில் பிள்ளைகள் கைதட்டினார்கள்.