சிவப்பு வற்றிய முகம்

பிரின்டரின் ஹெட் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடி, இறந்துபோன ஒருவரின் முகத்தை ஃபிளெக்ஸில் வரிவரியாக இறக்குகிறது. நெற்றி நன்றாகவே வந்துவிட்டது. மூக்குக்குக் கீழே சிவப்பு மெல்ல வற்றி, கன்னமும் உதடும் மஞ்சள் பூத்து வருகின்றன. கடைக்காரர் குனிந்து மை டேங்கைப் பார்க்கிறார். காலையில் வேறு கம்பெனியின் மலிவான சிவப்பு மையை வாங்கி வந்தவர், டேங்கில் மிச்சமிருந்த பழைய மையைக் கொட்ட மனம் வராமல் அதன் மேலேயே ஊற்றிவிட்டார். இரண்டும் திரிந்து குழாயை அடைத்துக்கொண்டிருக்கின்றன. "கழுவிட்டு ஊத்துங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே" என்று அவர் மனைவி முணுமுணுக்கிறாள். நிறுத்தினாலும் தேறாது, ஓடவிட்டாலும் தேறாது. பட்டன் மேல் விரலை வைத்தபடி நிற்கிறார். ஸ்டூலில் காத்திருந்த பெண், படத்தில் இருப்பவரின் மனைவி, எழுந்து வருகிறாள். "கலர் சரியா வரலம்மா... வேற போட்டுத் தரேன்" என்கிறார். அவள் படத்தில் மையின் ஈரம் காயாத கன்னத்தைத் தொடப்போய்க் கையை இழுத்துக்கொள்கிறாள்.

"ஆஸ்பத்திரியில கடைசியா இப்படித்தாண்ணே இருந்தாரு."