பாக்கி நின்ற திருத்தம்

“அந்தாளை வெளிய தள்ளாம நான் இந்த மலையை விட்டு இறங்கறதா இல்லீங்க” என்றான் ஆசிர்.

பக்கத்து இருக்கைப் பெண் சற்றுத் தள்ளி உட்கார்ந்தாள். சேலத்திலிருந்து வந்த பேருந்து பாதி மலை ஏறியிருந்தது.

“பயந்துக்காதீங்க, மலையில இருந்து இல்ல, ஒரு குழுவுல இருந்து” என்று அவன் கைப்பேசியைக் காட்டினான். “கம்ப்யூட்டர் மொழி ஒண்ணு இருக்குதுங்க. யாருக்கும் சொந்தமில்ல. பல தேசத்து ஆளுங்க சும்மாவே சேர்ந்து பழுது பாக்கறோம். அதோட அஸ்திவாரத்துல ஒரு திருத்தம் பண்ணிக் குடுத்து மூணு மாசமாச்சு. பரிசீலிக்கற ஆளு ஒத்துக்கவே மாட்டேங்கறான்.”

அந்தக் குழு இந்த முறை ஏற்காட்டில் கூடுகிறது. பாக்கி நிற்கும் வேலைகளில் இன்று ஐந்து மணிக்குள் ஒப்புதல் வாங்கியவை மட்டும் புதிய பதிப்பில் சேரும். மற்றவை அடுத்த வருஷத்துக்குப் போய்விடும்.

“அவரு பேரு என்னங்க?”

“சில்வர்ஓக். அங்க எல்லாருக்கும் புனைபேருதான். பேரைப் பார்த்தாலே தெரியலீங்களா, ஏதோ பனி கொட்டற ஊர்க்காரன். இந்நேரம் கார்ல மேல போய்ச் சேர்ந்திருப்பான்.”

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். காப்பிச் செடிகளுக்கு மேலே, மிளகுக்கொடி சுற்றிய மரங்கள் வரிசையாக உயர்ந்து நின்றன.

அடுத்த வளைவில் ஆசிருக்குக் குமட்டியது. வாயைப் பொத்திக்கொண்டான்.

“சார், வாந்தின்னா முன்னாடியே சொல்லிப் போடுங்க” என்றார் கண்டக்டர் வெங்கடாசலம். “காலையில இருந்து ரெண்டு தரம் கழுவியாச்சு. வண்டியே இளைச்சுப் போச்சு.”

ஆசிர் கண்ணை இறுக மூடினான். கைப்பேசியை அவளிடம் நீட்டினான். “திரையைப் பார்த்தா கவுந்துருவேனுங்க. குழுத் தலைவருக்கு ஒரு கம்ப்ளைன்ட். நான் சொல்லச் சொல்ல அடிச்சுத் தர்றீங்களா?”

அவள் வாங்கிக்கொண்டாள். சில்வர்ஓக் ஆணவம் பிடித்தவர், பிறர் உழைப்பை மதிக்காதவர், அவரைக் குழுவிலிருந்து நீக்க வேண்டும் என்று அவன் சொன்னான்.

“ஆணவம் ஒருக்காப் போட்டாப் போதுங்களா?”

“இன்னொருக்காப் போட்டாலும் தப்பில்லீங்க.”

போட்டாள். “அப்படி என்னதாங்க சொல்றாரு அவரு?”

“என்ன எழுதினாலும் ஒரே கேள்வி. இது யாருக்கு வேணும், எதுக்கு வேணும்? அத்தனையும் நக்கலுங்க.”

“யாருக்குங்க வேணும்?”

ஆசிர் கண்ணைத் திறந்தான்.

“கரடியூருக்குக் கீழ எங்க கம்பெனி ஒரு மண்சரிவு மணி வெச்சிருக்குதுங்க. மண்ணு அசைஞ்சா ஊருக்குள்ள மணி அடிக்கும். இந்த மொழியிலதான் ஓடுது. ஆனா இது நடுநடுவுல எல்லா வேலையையும் நிறுத்திட்டுத் தன் மெமரியில சேர்ந்த குப்பையைக் கூட்டும். ஊடு கூட்டி முடிக்கற வரைக்கும் யாரும் காலெடுத்து வெக்காதீங்கன்னு நிறுத்தற மாதிரி. போன மழையில மண்ணு அசைஞ்ச நேரம் பார்த்து அது கூட்டிக்கிட்டு இருந்துச்சு. மணி அடிக்கறதுக்கு முன்னாடி அம்மாசிங்கறவரு ஊட்டுச் சுவரு சாஞ்சிருச்சு. மாடு கத்துதேன்னு வெளிய வந்ததால மனுஷன் பொழச்சாரு.”

அவள் விரல் திரைமேல் அசையாமல் நின்றது. “உங்க திருத்தம் என்ன பண்ணும்?”

“யாரையும் நிறுத்தாம ஓரோரமாக் கூட்டும். மத்த புரோகிராம் எல்லாம் ஒரு துளி மெதுவாகும், அதுக்குத்தான் அந்தாளு முரண்டு. அடுத்த வருஷம்னா நடுவுல இந்த ஐப்பசி மழை கிடக்குதுங்க. அந்தச் சரிவுல இன்னும் நொம்பப் பேரு குடியிருக்கறாங்க.”

“இதை அவருக்கு எழுதுனீங்களா?”

“அங்க ஊர்க்கதை எழுதப்படாதுங்க. புரோகிராம்தான் பேசணும், அதுதான் வழக்கம். படிச்சுப் பார்த்தாத் தெரியாதா அவனுக்கு?” என்றவன் நிமிர்ந்தான். “அனுப்பிட்டீங்களா?”

“சிக்னல் இல்லீங்க.”

ஆசிர் மணி பார்த்தான். ஐந்தாகப் போகிறது. பேருந்துக்கு முன்னால் ஒரு லாரி வளைவில் திரும்ப முடியாமல் பின்னால் வந்து வந்து போனது. அவன் முன் இருக்கைக் கம்பியை இறுகப் பிடித்தான்.

லாரி வழிவிட்டது. கடைசி வளைவும் கழிந்து சாலை சமமானது. தூரத்தில் ஏரி தெரிந்தது. கைப்பேசியில் சிக்னல் வந்தது.

“குடுங்க, நானே அனுப்பிக்கறேன்.”

அவள் அவன் கைப்பேசியைக் கொடுத்துவிட்டு, பையிலிருந்து தன்னுடையதை எடுத்துத் தலைகுனிந்து எதையோ அடித்தாள்.

ஆசிர் கம்ப்ளைன்ட்டை அனுப்பப் போனான். அதற்குள் கைப்பேசி அதிர்ந்தது. திருத்தத்துக்குக் கீழே ஒரு புது வரி வந்திருந்தது.

சில்வர்ஓக்: ஒப்புதல். இந்தப் பதிப்பிலேயே சேர்க்கவும்.

அவன் இரண்டு முறை படித்தான். பிறகு மெல்லத் திரும்பினான்.

அவள் கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிட்டு, இறங்குவதற்கு எழுந்தாள்.

“மூணு மாசமா இதைத்தானுங்க கேட்டுக்கிட்டிருந்தேன்.”